கச்சேரி வராந்தாவில் இரண்டு சிரட்டைத் தவிடு

நுவரெலியா அரசாங்கக் கச்சேரியின் வராந்தாவில், சுவரோரமாக உட்கார ஒரு நீளப் பலகை வாங்கு கிடந்தது. அதன் ஒரு முனையில் என் அம்மா காளியம்மா. மறுமுனையில் சிங்களக் கிராமத்துப் போடிமெனிக்கா. நடுவில் நான், இஸ்திரி போட்ட வெள்ளைப் புடவையும் மடியில் காகிதக் கட்டுமாக.

காலை ஒன்பது மணி தாண்டியும் பனி விலகவில்லை. முற்றத்து மரங்களின் பாதிக்கு மேல் கண்ணுக்குத் தெரியவில்லை. இரண்டு கிழவிகளும் வாய் நிறைய வெற்றிலையோடு இருந்தார்கள். அரசாங்கக் கட்டடத்தில் எங்கே துப்புவது என்று தெரியாமல் உம்மென்று உட்கார்ந்திருந்தார்கள்.

எங்கள் சின்ன டவுனின் பட்டினசபைக்கு நான் தேர்தலில் நிற்க நியமனப் பத்திரம் கொடுத்திருந்தேன். அந்தச் சபையில் அதுவரை ஒரு பெண் உட்கார்ந்ததில்லை. என் பத்திரத்துக்கு ஆட்சேபனை வந்திருந்தது. அதிகாரி கூப்பிட்டதும் அம்மா உள்ளே போய் ஒரே ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். "இவள் என் மகள்." அவ்வளவுதான்.

என் அம்மா அதுவரைக்கும் அதை ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. பஸ் ஏறும்போதே கறாராகச் சொல்லிவிட்டாள்.

"நீ கூப்புட்டதுக்கு வாறேன். ஆனா அந்த வார்த்தைய மட்டும் எங்கிட்ட கேக்காத."

எதற்கு இந்த வம்பு?

தேயிலைத் தோட்டத்து லய வீடுகளில் பிரசவம் பார்த்த நாட்களைப் பற்றிப் போன வாரம் எழுதியதைப் படித்துவிட்டு ஒரு வாசகி கடிதம் போட்டிருக்கிறார். "பிள்ளைப்பேறு பார்த்துக்கொண்டு நிம்மதியாக இருந்த உங்களுக்கு எலெக்ஷன் எதற்கு அம்மா?" என்று கேட்கிறார். என் வீட்டுக்காரரும் அந்தக் காலத்தில் இதையேதான் கேட்டார். அவருக்குச் சொன்ன பதிலையே உங்களுக்கும் சொல்கிறேன். கக்கூசுக்காக.

சிரிக்காதீர்கள். ஞாயிற்றுக்கிழமை எங்கள் டவுனில் சந்தை. சுற்றியிருக்கும் தோட்டங்களிலிருந்து பெண்கள் மூன்று மைல், நாலு மைல் நடந்து வருவார்கள். இடுப்பில் ஒரு பிள்ளை, கையில் ஒரு பிள்ளை. ஆண்களுக்குச் சாராயக்கடைச் சுவரின் மறைவு இருந்தது. பெண்களுக்கு டவுன் முழுவதும் தேடினாலும் ஒரு மறைவு கிடையாது.

ஆகவே அவர்கள் விடிந்ததிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் குடிக்க மாட்டார்கள். தோட்டத்து மருத்துவச்சி வேலையை விட்டு டவுனுக்கு வந்து நான் தனியாகப் பிரசவம் பார்த்துக்கொண்டிருந்த காலம் அது. தெரிந்தவர்களைப் பிடித்து இழுத்து வீட்டில் உட்கார வைத்துத் தேத்தண்ணி ஊற்றினால், "வேணாங்க மிட்வைப் அம்மா, இன்னும் வீடு போய்ச் சேரணும்" என்பார்கள். எட்டு மாதக்காரிகள்கூட அப்படித்தான். பிறகு நீர்க்கடுப்பும் காய்ச்சலுமாக என்னிடமே வந்து படுப்பார்கள்.

சபைக்கு மூன்று தடவை மனு எழுதினேன். முதல் தடவை பதிலே இல்லை. இரண்டாம் தடவை தலைவர் என் முன்னால் நன்றாக இருமினார். "இதையெல்லாம் சபையில எப்பிடிம்மா பேசுறது?" என்றார். ஏதோ நான் அவரை அங்கேயே போகச் சொன்ன மாதிரி. மூன்றாம் தடவை அங்கே உட்கார்ந்திருந்த மெம்பர், மொத்தக்கடை முதலாளி, என் மனுவை மடித்துத் திருப்பிக் கொடுத்தார்.

"தோட்டத்துப் பொம்பளைங்களுக்கு ஓட்டா இருக்கு? எதுக்கு நீங்க அலையுறீங்க?"

அவர் சொன்னது உண்மை. நாட்டுக்குச் சுதந்திரம் வந்ததும் எங்கள் சனத்தில் அநேகம் பேருக்குப் பிரஜாவுரிமை இல்லாமல் போய்விட்டது. பிரஜாவுரிமை இல்லையென்றால் ஓட்டு இல்லை. ஓட்டு இல்லாதவளுக்கு மூத்திரமும் வராது என்று சபை முடிவு செய்திருந்தது போலும். எனக்கு வந்த கோபத்தில் வாசலில் நின்றே சொன்னேன்.

"எனக்கு இருக்குதுங்க. நான் நிக்கிறேன்."

அந்தக் கக்கூஸ் கட்டப்பட்டதா என்று அவசரப்படாதீர்கள். கட்டப்பட்டது. நாலு அறை, தகரக் கூரை, தண்ணீர்ப் பீலி, ஒவ்வொரு கதவுக்கும் உள்பக்கம் கொண்டி. கொண்டிக்காக நான் ஒன்றரை வருஷம் போட்ட சண்டை தனிக் கதை. அதற்கெல்லாம் முன்னால் நான் யார் பெற்ற பிள்ளை என்று நிரூபிக்க வேண்டியிருந்தது.

தவிட்டுக்குப் போன கதை

இறம்பொடைப் பக்கத்தில் ஒரு தோட்டத்து லயத்தில் நான் பிறந்தேன். எனக்கு முன்னால் அம்மாவுக்கு மூன்று பிள்ளைகள். ஒன்று பிள்ளைக் காம்பராவில் காய்ச்சல் கண்டு போயிற்று. அம்மாமார் கொழுந்து பறிக்கப் போகும்போது குழந்தைகளை விட்டுவிட்டுப் போகும் அறைதான் அது. மற்ற இரண்டும் நாற்பது நாள் தாண்டவில்லை.

காளியம்மா பிள்ளைகள்மேல் சாவுக்குக் கண் என்று லயத்துப் பெண்கள் முடிவுகட்டினார்கள். அப்படியானால் நாலாவது பிள்ளை அவளுடையதாக இருக்கக் கூடாது. தவிட்டுக்கு விற்றுவிட வேண்டும்.

யாரிடம் விற்பது? தோட்டத்துக்குக் கீழே இருந்த சிங்களக் கிராமத்திலிருந்து வெற்றிலை, பாக்கு, பலாக்காய் சுமந்துகொண்டு லயத்துக்கு வருவாள் போடிமெனிக்கா. அவளுக்கு ஐந்து பிள்ளைகள். ஐந்தும் கல்லுக்குண்டாக இருந்தன. அவளைவிடப் பொருத்தமான ஆள் கிடைப்பாளா?

நான் பிறந்த மூன்றாம் நாள் என்னைச் சுளகில் போட்டு வாசற்படிக்கு வெளியே நீட்டினார்கள். போடிமெனிக்கா ஒரு தேங்காய்ச் சிரட்டைத் தவிட்டைக் கொடுத்து என்னை எடுத்துக்கொண்டாள். பிறகு, வளர்த்துத் தரும்படி அம்மாவிடமே ஒப்படைத்துவிட்டுப் போனாள். அந்த நிமிஷத்திலிருந்து என் அம்மா எனக்குப் பால் கொடுக்கும் கூலியாள். அவ்வளவுதான்.

நான் சாகவில்லை. ஆகவே அந்த வியாபாரத்தின்மேல் அம்மாவுக்கு அசைக்க முடியாத நம்பிக்கை. என்னை "ஏ புள்ள" என்றுதான் கூப்பிடுவாள். யாராவது கேட்டால், "மெனிக்கா புள்ள" என்பாள். விளக்குமாற்றால் அடிக்கும்போதுகூட "மெனிக்கா மவளே" என்றுதான் திட்டு விழும்.

போடிமெனிக்காவோ லயத்துக்கு வரும்போதெல்லாம் "மகே துவ", என் மகளே, என்று தாராளமாகக் கன்னத்தைக் கிள்ளுவாள். கையில் ஒரு துண்டு கித்துள் கருப்பட்டி வைப்பாள். எனக்கு அவளைப் பிடிக்கும். ஆனாலும் மற்றப் பிள்ளைகளின் அம்மாமார் "ஏ மவளே, வாடி" என்று கூப்பிடும்போது வயிறு எரியும். காரணம் தெரிந்த வயதிலும் அந்த எரிச்சல் போகவில்லை.

மருத்துவச்சியாகி எத்தனையோ பிள்ளைகளைக் கையில் ஏந்தி, "இந்தா, ஒம் மவ" என்று தாயிடம் கொடுத்திருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் அந்தத் தாய் என்ன சொல்லிக் கூப்பிடுகிறாள் என்று நின்று கேட்டுவிட்டுத்தான் கை கழுவப் போவேன். இதை இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை.

கிளாக்கரின் நல்ல மனசு

வினை வேறு இடத்தில் விதைக்கப்பட்டிருந்தது. நான் பிறந்த மாதம் தோட்டத்து ஆபீசுக்குப் புதிதாக ஒரு கிளாக்கர் வந்திருந்தார். வெளியூர்க்காரர், எங்கள் பழக்கவழக்கம் தெரியாதவர். பிறப்பைப் பதிவதற்கு விவரம் கேட்டார்.

"பிள்ளைக்குப் பேர் என்ன?"

"மீனாட்சிங்க."

"தகப்பன்?"

"நாந்தாங்க. முனியாண்டி" என்று அப்பா பெருமையாக முன்னே வந்தார்.

"தாய்?"

அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். கூட நின்ற பெண்கள் ஒரே குரலில் சொன்னார்கள்:

"போடிமெனிக்காங்க!"

கிளாக்கர் அப்பாவை ஏற இறங்கப் பார்த்தாராம். பிள்ளையோடு நின்ற அம்மாவைப் பார்த்தாராம். பிறகு ஒரு கேள்வியும் கேட்காமல் அப்படியே எழுதிவிட்டார். எங்கள் அப்பாவின் மானத்தைக் காப்பாற்றுவதாக நினைத்திருப்பார், பாவம். அப்பா சாகும்வரை இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

திருத்திவிடலாம் என்று நான் சொன்னபோதெல்லாம் அம்மா பதறினாள். "அந்தக் கடுதாசிதான்டி ஒன்ன உசுரோட வச்சிருக்கு" என்பாள். நானும் விட்டுவிட்டேன்.

அப்பா இந்த நாட்டில் பிறந்ததற்குப் பத்திரம் இருந்தது. அந்தப் புண்ணியத்தில்தான் எனக்குப் பிரஜாவுரிமை கிடைத்தது. அதற்கு எழுதிக் கொடுக்கும்போது, பள்ளிக்கூடப் பத்திரத்தில் இருந்தபடி, தாய் காளியம்மா என்று எழுதினேன். பிறப்புப் பதிவிலோ போடிமெனிக்கா. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து யாரும் பார்க்கவில்லை, மொத்தக்கடை முதலாளி பார்க்கும்வரைக்கும்.

அவர் அந்தப் பதிவின் பிரதியைத் தேடி எடுத்துவிட்டார் என்று சந்தையில் பேச்சு அடிபட்டது. நான் வேறு யாரோ ஒரு மீனாட்சியின் பத்திரத்தை வைத்துக்கொண்டு பிரஜை என்று நடிக்கிறேனாம். முனியாண்டிக்கும் எனக்கும் ஒரு சம்பந்தமும் இல்லையாம்.

இதில் தோற்றால் போவது மெம்பர் பதவி மட்டுமல்ல. பிரஜாவுரிமையே போய்விடும். என் வீட்டுக்காரருக்கு ஏற்கெனவே காகிதம் கிடையாது; அது தகப்பன் வழியில்தான் வரும் என்பதால் பிள்ளைகளுக்கும் கிடையாது. காகிதம் இல்லாதவர்களைக் கப்பலேற்றி அனுப்புவதைப் பற்றிப் பெரிய இடங்களில் பேசிக்கொண்டிருந்த காலம். எங்கள் வீட்டில் நாடு என்று ஒன்று உள்ளவள் நான் ஒருத்திதான்.

வீறாப்புப் பேசி வீட்டுக்கு வினை வாங்கிவிட்டேனே என்று எனக்குச் சோறு இறங்கவில்லை. இறம்பொடைக்குப் போய்ப் போடிமெனிக்காவின் கையைப் பிடித்தேன். "வாறேன் துவ" என்று அவள் மறுநாளே குடையும் வெற்றிலைப் பையுமாகப் புறப்பட்டு வந்துவிட்டாள்.

"நான் சொல்லமாட்டேங்க"

உள்ளே அதிகாரி, கண்டிப் பக்கத்துச் சிங்களவர், மூக்குக் கண்ணாடிக்கு மேலாக எங்களைப் பார்த்தார். பக்கத்தில் தமிழ் மொழிபெயர்ப்பாளர். மொத்தக்கடை முதலாளி தன் வக்கீலான புரொக்டரோடு வந்திருந்தார். புரொக்டர் இரண்டு காகிதங்களையும் வாசித்தார். கேட்கக் கேட்க எனக்கே நான் கள்ளி என்று தோன்றியது.

முதலில் போடிமெனிக்காவைக் கேட்டார்கள். அவள் வெற்றிலையைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு சிங்களத்தில் பளிச்சென்று சொன்னாள்.

"நான் பெறவில்லை ஐயா. வாங்கினேன்."

அதிகாரி பேனாவை வைத்தார். "வாங்கினாயா?"

"ஒரு சிரட்டைத் தவிட்டுக்கு. இதோ, இவளிடமிருந்து."

"தான் தாய் இல்லை என்று இவரே சொல்லிவிட்டார்" என்று புரொக்டர் உடனே எழுந்தார். "அப்படியானால் தாய் யார்?"

எல்லாரும் என் அம்மாவைப் பார்த்தார்கள். மொழிபெயர்ப்பாளர் மரியாதையாகவே கேட்டார். "அம்மா, இவங்க ஒங்க மகளா?"

அம்மா தரையைப் பார்த்தாள். அவள் விரல்கள் முந்தானையை முறுக்கின.

"அத நான் சொல்லமாட்டேங்க தொரை."

முதலாளியின் முகத்தில் ஒரு வெளிச்சம். அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார். பதினொன்றரைக்குள் முடிவு சொல்லியாக வேண்டும், வெளியே போய் நிதானமாகப் பேசிவிட்டு வாருங்கள் என்றார். நல்ல மனிதர்.

வியாபாரம்

வராந்தாவுக்கு வந்ததும் நான் வெடித்துவிட்டேன். பியோன்கள் நின்று பார்க்கிறார்கள் என்றுகூடப் பார்க்கவில்லை.

"நாப்பது வருசம் ஆகப்போகுது. ஒரே ஒரு தடவ சொன்னா என்னம்மா கொறஞ்சு போயிரும்?"

"நீ கொறஞ்சு போயிருவ" என்றாள் அம்மா. "மூணு புள்ளைய 'எம் புள்ள, எம் புள்ள'ன்னு கொஞ்சிக் கொஞ்சிப் பொதைச்சவடி நான். மெம்பர் இல்லாட்டிப் போவுது. நாடு இல்லாட்டிப் போவுது. கப்பல்ல ஏத்துனாங்கன்னா நானும் கூடவே ஏறி வாறேன். நீ உசுரோட இருந்தா போதும்."

நான் வாங்கில் உட்கார்ந்துவிட்டேன். அவளுக்கு என்மேல் பாசம் இல்லை என்று ஒரு நாளும் நினைத்ததில்லை. ஆனால் அந்த வார்த்தையை அவள் எத்தனை பயத்தோடு தொண்டைக்குள் பிடித்து வைத்திருந்தாள் என்பது அன்றைக்குத்தான் புரிந்தது.

போடிமெனிக்கா படியிறங்கிப் போய்ப் பூச்செடி ஓரமாக ஒரு வழியாகத் துப்பிவிட்டு வந்தாள். தன் லயத்துத் தமிழில் சொன்னாள்.

"காளி, வித்தது நீதானே? இப்ப திருப்பி வாங்கு. வாங்கினா உன்ட பிள்ளைதானே. சாமிக்கும் தெரியும்தானே."

அம்மா நிமிர்ந்தாள். இந்த யோசனை அவளுக்கு ஒரு நாளும் வந்ததில்லை என்று முகத்தில் தெரிந்தது. எனக்கும்தான் வந்ததில்லை. மருத்துவச்சிப் படிப்புப் படித்து என்ன பிரயோசனம்!

"குடுப்பியா மெனிக்கா?"

"குடுப்பேன். வெலை இருக்கு."

"ஒரு செரட்ட?"

"அது சின்னப் பிள்ளை வெலை. இப்ப பாரு, எவ்வளவு பெரிசு! ரெண்டு செரட்டை."

என் வீட்டுக்காரர் தையல்காரர். அதிர்ந்து பேசாத மனிதர், தூணோரமாக நின்றுகொண்டிருந்தார்.

"ஏங்க, ஓடிப்போய்த் தவிடு வாங்கிட்டு வாங்க."

"என்னா?"

"தவிடுங்க! செரட்டையும் வேணும்!"

பஜாரில் ஒரு முஸ்லிம் நானா கடையில் கோழிக்குப் போட வைத்திருந்த தவிட்டில் ஒரு பொட்டலம் கேட்டிருக்கிறார். நானா எதற்கென்று விசாரித்திருக்கிறார். "எம் பொஞ்சாதிய வாங்குறதுக்கு" என்று இவர் உள்ளதைச் சொல்லிவிட்டு, சிரட்டையையும் பிடுங்கிக்கொண்டு ஓடி வந்திருக்கிறார். அந்தக் கடைப் பக்கம் பிறகு நான் தலைகாட்ட முடியவில்லை.

அம்மா இரண்டு சிரட்டையும் தலைதட்டாமல் குவித்து அளந்து போடிமெனிக்காவின் முந்தானையில் போட்டாள். போடிமெனிக்கா ஒரு பிடி எடுத்து ஊதிப் பார்த்தாள். கல் இல்லை என்று தலையாட்டினாள். கிண்டலாகத் தொடங்கியவள்தான். ஆனால் என் மணிக்கட்டைப் பிடித்தவள் உடனே விடவில்லை. "மகே துவ" என்றாள், மெதுவாக. பிறகு என் கையைக் கொண்டுபோய் அம்மாவின் கையில் வைத்தாள்.

நான் ஒல்லியான பெண் அல்ல. இரண்டு பிள்ளை பெற்றவள். அரசாங்கக் கச்சேரி வராந்தாவில், நாலு பியோன்களும் ஒரு தபால்காரரும் பார்த்துக்கொண்டிருக்க, தவிட்டுக்கு விற்கப்பட்டேன். கொஞ்சம்கூட வெட்கமாக இல்லை.

அம்மா என் கையை விடாமலே உள்ளே போனாள். மொழிபெயர்ப்பாளர் வாயைத் திறக்கும் முன்பே தொடங்கிவிட்டாள்.

"இவ எம் மவங்க தொரை. நான் பெத்த மவ. நாலாவதா பெத்தது. அடைமழை, கூரை ஒழுகுது, மருத்துவச்சி வந்து சேரல. நானே பல்லக் கடிச்சிக்கிட்டு பெத்தேன். இந்தா பாருங்க, காதுக்குப் பின்னாடி மச்சம். எம் மவ. இங்கிலீசு மருந்தெல்லாம் படிச்சவ. எம் மவ இவ..."

மொழிபெயர்ப்பாளர் இரண்டாவது வாக்கியத்திலேயே பின்தங்கிவிட்டார். அதிகாரி கையை உயர்த்திப் போதும் என்று சொல்லியும் அம்மா நிறுத்தவில்லை. நாற்பது வருஷத்துச் சொல் அத்தனையும் ஒன்றாக வந்துகொண்டிருந்தது. நான் அங்கேயே நின்று அழுதேன்.

ஜன்னல் வழியாக எல்லாவற்றையும் பார்த்திருப்பார் போலிருக்கிறது, அதிகாரி போடிமெனிக்காவைப் பார்த்துச் சிங்களத்தில் கேட்டார்.

"ஒழுங்காகத் திருப்பிக் கொடுத்துவிட்டாயா?"

"கொடுத்துவிட்டேன் ஐயா. கொஞ்சம் நட்டம்தான்."

முனியாண்டிக்கும் காளியம்மாவுக்கும் பிறந்த மீனாட்சி நான்தான், பதிவில் தாயின் பெயர் தவறுதலாக எழுதப்பட்டிருக்கிறது, ஆட்சேபனை நிராகரிக்கப்படுகிறது என்று அவர் எழுதினார். புரொக்டர் காகிதங்களைக் கட்டிக்கொண்டே என்னைப் பார்த்துச் சிரித்தார். முதலாளி சிரிக்கவில்லை. நாடும் இருந்தது, அம்மாவும் இருந்தாள். ஒரு மனுஷிக்கு வேறு என்ன வேண்டும்?

திரும்பி வரும் வழியில்

போடிமெனிக்காவை இறம்பொடை பஸ்ஸில் ஏற்றிவிட்டோம். தவிட்டை வழியில் கொட்டாமல் மடியிலேயே முடிந்து வைத்திருந்தாள். ஜன்னல் வழியாகக் கையை ஆட்டிக்கொண்டே போனாள்.

நாங்கள் லிந்துலைப் பக்கம் போகும் பஸ் பிடித்தோம். வெயில் வந்துவிட்டது. கொழுந்து மலைகள் கழுவிவிட்ட மாதிரி இருந்தன. பக்கத்தில் நின்றவர், எதிர் சீட்டுக்காரி, கண்டக்டர் என்று எவரையும் விடாமல் அம்மா சொல்லிக்கொண்டே வந்தாள். "இது எம் மவ." கண்டக்டர், "சரி பாட்டி, டிக்கட்ட எடுங்க" என்றார்.

நானுஓயா தாண்டியதும் எனக்குக் கண் சொருகியது. பல நாள் பயத்தில் விட்ட தூக்கமெல்லாம் ஒன்றாக வந்தது. எவ்வளவு நேரம் அயர்ந்தேனோ தெரியாது. ஒரு வளைவில் பஸ் குலுங்கியபோது விழித்துக்கொண்டேன்.

என் மூக்குக்குக் கீழே ஒரு விரல் இருந்தது. வெற்றிலைச் சுண்ணாம்பு வாசத்தோடு, அசையாமல்.

"என்னம்மா?"

அம்மா விரலை எடுத்து முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள்.

"ஒண்ணுமில்ல. மூச்சு வருதான்னு பாத்தேன். நீ தூங்கு மவளே."